வீடு பார்க்கப் போகும்போது கைப்பையில் ஒரு சாக்கெட் டெஸ்டர்

சென்னை ரிச்சி தெருவில், எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் 320 ரூபாய்க்கு வாங்கினேன். பார்க்க மொபைல் சார்ஜர் மாதிரிதான் இருக்கும். பின்பக்கம் நம் ஊர் மூன்று முள் பிளக், முன்பக்கம் மூன்று குட்டி விளக்குகள், ஓரத்தில் ஒரு பட்டன். பெட்டியில் கம்பெனிப் பெயர் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கடைக்காரர் சாக்கெட் டெஸ்டர் என்றார், நானும் அப்படியே சொல்கிறேன். பிளக் பாயின்ட்டில் செருகினால், உள்ளே வயர் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறதா, எர்த் இருக்கிறதா, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று விளக்கு எரிந்து காட்டும். ஃபேஸ் என்பது மின்சாரம் வருகிற வயர், நியூட்ரல் அது திரும்பிப் போகிற வயர், எர்த் கசிகிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குகிற வயர்.

எலெக்ட்ரீஷியன்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எட்டு மாதத்தில் இது எனக்குச் செய்து கொடுத்த வேலையை வைத்து எழுதுகிறேன். வாடகை வீடு தேடுகிறவர்களுக்காகத்தான் முக்கியமாக. சொந்த வீட்டுக்காரர்கள் கடைசியில் வரும் கதையை மட்டும் படித்தால் போதும்.

நான் தாம்பரத்தில் மெப்ஸ் என்கிற ஏற்றுமதி மண்டலத்தில் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் குவாலிட்டி செக்கர். காலர் கோணலாக இருக்கிறதா, பட்டன் தளர்ந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் சம்பளம். அப்படிப்பட்டவள், பழவந்தாங்கலில் நான்கு வருடம் குடியிருந்த வீட்டில் எர்த் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் கையில் எறும்பு ஓடுவது மாதிரி இருக்கும். அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) வெறுங்காலோடு நடந்துதான் பழக்கம், அதுவும் மொசைக் தரையைத் துடைத்த ஈரத்தோடு. அவருக்கு எறும்பு இல்லை, சுர்ரென்று தேள் கொட்டுவது மாதிரி. ஹவுஸ் ஓனரிடம் சொன்னதற்கு, "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடச் சொல்லும்மா, எல்லா வீட்லயும் இருக்கறதுதானே" என்றார். நாங்களும் ஃப்ரிட்ஜ் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பாய் போட்டு விஷயத்தை முடித்துக்கொண்டோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுக்கும்போது என் கணவருக்கு ஷாக் அடித்தது. கையை உதறிய வேகத்தில் முழங்கை சுவரில் மோதிப் பத்து நாள் கன்றிப்போயிருந்தது. எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து ஹோல்டர் பல்பு ஒன்றை வைத்துப் பார்த்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பல்பு எரிகிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவில்லை. "மூணாவது ஓட்டைல வயரே வரலக்கா" என்று சொல்லிவிட்டு ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றினார். பச்சை வயர் ஒன்று வந்துதான் இருந்தது. யாரோ பாதியில் வெட்டி, டேப் சுற்றி, அழகாக மடித்து உள்ளே வைத்திருந்தார்கள்.

ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் சொன்ன ஒரே வாக்கியம்: "நீங்க வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

இதற்கு என்ன பதில் சொல்வது? வரும்போது எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் ஒரு சாட்சியும் இல்லை. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணி அட்வான்ஸில் கழித்துக்கொள்ள அவரிடம் கணக்கு இருந்தது, எங்களிடம் எதுவும் இல்லை. அந்த வாக்கியம் கேட்ட வாரமே ரிச்சி தெருவுக்குப் போனேன்.

சரி, பொருளுக்கு வருவோம். என்னிடம் இருப்பதில் இரண்டு மஞ்சள் விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. இரண்டு மஞ்சளும் எரிந்தால் வயரிங் ஒழுங்கு. ஒரே ஒரு மஞ்சள், அதுவும் நடுவில் இருப்பது மட்டும் எரிந்தால் எர்த் இல்லை. சிவப்பு எரிந்தால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. எதுவுமே எரியாவிட்டால் ஃபேஸ் வரவில்லை, அல்லது ஸ்விட்சைப் போட மறந்துவிட்டீர்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். மற்ற மாடல்களில் விளக்கு வரிசை வேறாக இருக்கலாம், மேலே ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணைதான் இதன் முதல் குறை. எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரே மாதத்தில் தேய்ந்துபோகிற மையில் அச்சடித்திருக்கிறார்கள். நான் சட்டைக் கழுத்தில் தைக்கிற சைஸ் லேபிள் துணி ஒன்றை வெட்டி, தமிழில் எழுதி, ஃபெவிக்விக் போட்டு முதுகில் ஒட்டிவிட்டேன். அதன் பிறகு அத்தையே வைத்துப் பார்க்கிறார்.

ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் என்ன, மின்விசிறி ஓடத்தானே செய்கிறது என்று கேட்பார்கள். ஓடும். ஆனால் ஸ்விட்ச் அறுப்பது நியூட்ரலை. ஸ்விட்சை அணைத்த பிறகும் மிக்ஸிக்குள்ளும் அயர்ன் பாக்ஸுக்குள்ளும் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில்தான் நாம் கத்தியை விட்டு டோஸ்டரைக் குடைகிறோம்.

இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு எட்டு வீடு பார்த்தேன். ஆதம்பாக்கத்தில் இரண்டு, கீழ்க்கட்டளையில் ஒன்று, நங்கநல்லூரில் மூன்று, மடிப்பாக்கத்தில் இரண்டு.

முதல் வீட்டில் கையில் எடுக்கவே கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் சம்பளச் சீட்டு கேட்பது மாதிரி. புரோக்கர் வேறு, "மேடம், இது என்ன ரெய்டா?" என்று சிரித்தார். "சார்ஜ் வருதான்னு பாக்கறேன்" என்று சமாளித்தேன். ஹாலில் இரண்டு மஞ்சள். படுக்கையறையில் இரண்டு மஞ்சள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் வைக்கும் இடத்தில் ஒரே மஞ்சள். சமையலறையைப் பிறகு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், அந்த வயரிங்கில் பச்சை வயரே ஓட்டவில்லை. அங்கே ஒரு விஷயம் புரிந்தது: ஹாலில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியாக வரக்கூடாது. ஈரம் இருக்கிற இடங்களில்தான் முதலில் செருக வேண்டும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர், வாட்டர் பியூரிஃபையர், மோட்டார் ஸ்விட்ச், இந்த வரிசையில்.

இரண்டாவது வீட்டு ஓனர் டெஸ்டரைப் பார்த்ததுமே, "இப்பவே இவ்ளோ கேக்கறீங்க, குடி வந்தா என்னென்ன கேப்பீங்களோ" என்று கதவைச் சாத்தாத குறையாக அனுப்பிவிட்டார். எனக்கு நஷ்டம் என்று தோன்றவில்லை. 320 ரூபாயில் பாதி அங்கேயே வசூலாகிவிட்டது.

கீழ்க்கட்டளை வீட்டில் டெஸ்டர் பாஸ் சொன்னது, கண்தான் ஃபெயில் போட்டது. குளியலறைக்குள் கேஸ் கீஸர். ஜன்னல் கிடையாது, மேலே ஒரு வென்டிலேட்டர் இருந்த இடத்தைக் குருவி வருகிறதென்று கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிக்கப் போனவர் அப்படியே மயங்கி விழுவார். கீஸரை வெளிச்சுவரில் மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். "அஞ்சு வருஷமா எல்லாரும் குளிச்சிட்டுத்தான் இருக்காங்க" என்றார் அந்த வீட்டம்மா. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மடிப்பாக்கத்தில் பார்த்த தரைத்தள வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாசலில் மாமரம், பையனின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். டெஸ்டர் எல்லா இடத்திலும் இரண்டு மஞ்சள் காட்டியது. ஆனால் பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்தன. குனிந்து செருகும்போதுதான் கவனித்தேன், சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஒரு கோடு. வெள்ளை அடித்தும் மறையாத தண்ணீர்க் கறை. 2015இலா 2023இலா என்று கேட்டேன். "ரெண்டுலயும்" என்றார் ஓனர், பெருமையாகவே. தண்ணீர் வருவதை ஓனர் தடுக்க முடியாது, அது ஏரியோரத்து மண். ஆனால் இரண்டு வெள்ளம் பார்த்த பிறகும் பாயின்ட்டுகளை நாலடிக்கு ஏற்றாமல் பெயின்ட் மட்டும் அடித்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மாமரத்தை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

மற்ற வீடுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றில் வாடகை கட்டுப்படியாகவில்லை, ஒன்றில் சன்ஷேட் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி நேராக ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்கு மேலே தொங்கியது, இன்னொன்றில் நாங்கள் சாப்பிடுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது இந்தப் பெட்டிக்குத் தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது பாவம்.

எர்த் இருக்கிறதா என்று காட்டும், எர்த் நல்ல எர்த்தா என்று காட்டாது. விளக்கு எரியத் துளியூண்டு மின்சாரம் போதும். வெளியே எர்த் குழியில் பைப் துருப்பிடித்து அரைகுறையாக இருந்தாலும் இரண்டு மஞ்சளும் ஜம்மென்று எரியும். நியூட்ரலும் எர்த்தும் தங்களுக்குள் இடம் மாறியிருந்தால் இதற்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமான ஏமாற்று ஒன்று இருக்கிறது: எர்த் வயரே இல்லாத பாயின்ட்டில் நியூட்ரலிலிருந்து ஒரு சின்ன வயரை எடுத்து எர்த் முனையில் லூப் அடித்துவிடுவது. டெஸ்டர் 'எல்லாம் சரி' என்று சொல்லும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃப்ரிட்ஜ் உடம்பு முழுவதும் ஃபேஸ்.

இந்த ஏமாற்றைப் பிடிக்க ஒரு வழி உண்டு, அதற்குத்தான் ஓரத்தில் இருக்கிற பட்டன். வீட்டில் ஆர்சிசிபி, அதாவது நாம் பொதுவாக ட்ரிப்பர் என்கிற கசிவு பிரேக்கர் இருந்தால்தான் இது வேலைக்கு ஆகும். ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பதுதான் ட்ரிப்பரின் வேலை. பட்டனை அழுத்தினால் டெஸ்டர் வேண்டுமென்றே 30 மில்லியாம்பியர் அளவுக்கு ஃபேஸிலிருந்து எர்த்துக்குக் கசியவிடும். எர்த் உண்மையான எர்த்தாக இருந்தால் டப்பென்று ட்ரிப்பர் விழும். லூப் அடித்த பாயின்ட்டில் போன மின்சாரம் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால் கணக்கு சரியாக இருக்கும், ட்ரிப்பர் அசையாது. ட்ரிப்பரின் முகத்திலேயே 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், அதற்கு எர்த் தேவையில்லை. ஆக, 'டி' அழுத்தினால் விழுகிறது, டெஸ்டர் பட்டனுக்கு விழவில்லை என்றால் ட்ரிப்பர் நலம், எர்த்தில்தான் கோளாறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரமும் எலெக்ட்ரீஷியன் தம்பிக்கு மூன்று டீயும் ஆனது.

ஒரு எச்சரிக்கை: சொல்லாமல் கேட்காமல் அடுத்தவர் வீட்டில் அந்தப் பட்டனை அழுத்தாதீர்கள். நங்கநல்லூரில் நான் அழுத்தியபோது மாடியில் ஒருவர் ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தார். ட்ரிப்பர் விழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி, அவருக்கு இல்லை.

கடைசியில் குடிவந்தது நங்கநல்லூரில், 1996இல் கட்டிய வீடு ஒன்றின் கீழ்ப் போர்ஷனுக்கு. மாடியில் ஓனர் குடும்பம். அவர் ரிட்டயர்டு மனிதர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறோம், அத்தை மட்டும் 'தம்பி' என்பார். மீட்டர் பெட்டிக்குக் கீழே பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், அதில் ஒன்றில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக தடிமனான செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. ஹாலில் இரண்டு மஞ்சள், சமையலறையிலும் குளியலறையிலும் ஒரே மஞ்சள். வேறு வீடாக இருந்தால் திரும்பியிருப்பேன். ஆனால் டெஸ்டரைக் காட்டியபோது சார் செய்த காரியம் வித்தியாசமாக இருந்தது. வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதுகிலிருந்த என் லேபிளைப் படித்தார். பிறகு ஒவ்வொரு பாயின்ட்டாக அவரே செருகிப் பார்த்தார். "சரிம்மா, இதுக்கு யார் செலவு பண்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. சண்டை போடாமல் கேட்கிற ஓனர் கிடைப்பது அபூர்வம் என்பதால் நானும் வீட்டுப்பாடம் செய்துகொண்டு போனேன். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017இல் ஒரு சட்டம் போட்டு, அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது அட்டவணையில் எந்த ரிப்பேர் யாருடையது என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் கட்டுமான ரிப்பேர், வெள்ளை அடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் மின் வயரிங், இவை வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கீஸர் ரிப்பேர், ஸ்விட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர், கதவுப் பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, இவை குடியிருப்பவர் பொறுப்பு. நாம்தான் ஸ்விட்ச் மாற்ற வேண்டும் என்று தெரிந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றம். நான்கு வருடம் பழைய ஓனரைத் திட்டியதில் கால்வாசி என் கணக்கில் வந்து விழுந்தது.

உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக்கூடாது என்றும் இருக்கிறது. இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான். இதைப் படித்துக்காட்டி நம் ஊரில் வீடு பிடிக்க முடியுமா என்பது வேறு விஷயம். பத்து மாதம் கேட்டவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். சார் ஐந்து கேட்டார், நான்கில் முடிந்தது. அதுவும் மூன்றுக்கு மேல்தான், தெரிந்தேதான் கொடுத்தேன்.

எர்த் இல்லாதது சாக்கெட் ரிப்பேர் இல்லை, வயரிங் வேலை. அதனால் எர்த் குழியும் சமையலறைக்கும் குளியலறைக்கும் பச்சை வயர் இழுப்பதும் சாருடையது. வீட்டுக்குப் பின்னால், துளசி மாடத்துக்குத் தள்ளி, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது எங்கள் வேலை என்று ஒப்பந்தம். மொத்தம் அவருக்கு ஒன்பதாயிரத்துச் சில்லறை ஆனது. ஆர்சிசிபி இல்லாத வீட்டில் புதிதாக வைப்பது யாருடையது என்று அந்த அட்டவணையைப் படித்து எனக்குப் புரியவில்லை. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கும் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது என்பதைச் சொன்னேன். சார், "கட்டாயம்னா ரெண்டு பேருக்கும்தானே?" என்றார். சரி என்று பாதிப் பாதி போட்டோம். பழைய பீங்கான் கட்டைகளுக்குப் பதில், அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே அணைகிற எம்சிபி ஸ்விட்சுகளும், அவற்றுக்கு முன்னால் 40 ஆம்பியர், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும். எம்சிபி வயர் சூடாவதைத் தடுக்கும், நம்மைக் காப்பாற்றாது. நம்மைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து எம்சிபி மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே ஐந்தாறு இருக்கின்றன.

இதையெல்லாம் அக்ரிமென்ட்டில் எழுதச் சொன்னேன். டைப் அடித்தவர் ஆச்சரியப்பட்டார். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, இரவு பத்துக்கு மேல் கேட் பூட்டப்படும் என்றெல்லாம் மூன்று பக்கம் தயாராக வைத்திருந்தவருக்கு, 'மின் வயரிங் மற்றும் எர்த் நிலை' என்று ஒரு பத்தி புதிதாம். ஒவ்வொரு பாயின்ட்டிலும் டெஸ்டர் எரிகிற படத்தை எடுத்து, தேதியோடு பிரின்ட் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பின்னால் இணைத்தோம். மொத்தம் பதினான்கு படம். 'நீங்க வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு' என்று இனி யாராவது சொன்னால், ஆமாம், இதோ பாருங்கள் என்று காட்டலாம்.

இத்தோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆர்சிசிபி வைத்த அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு டப்பென்று விழுந்தது. ஏற்றினோம், விழுந்தது. காலையில் நன்றாக இருந்தது. மறுநாளும் அதே ஆறரை. பிரதோஷம் என்பதால்தான் என்றார் அத்தை. சார், "நான் அப்பவே சொன்னேன், இந்த ட்ரிப்பரெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது, சும்மா சும்மா விழும்" என்று மாடியிலிருந்து இறங்கி வந்தார். பல வீடுகளில் ட்ரிப்பரைக் கழற்றி எறிவது இந்தக் கட்டத்தில்தான்.

எலெக்ட்ரீஷியன் தம்பி ஒவ்வொரு எம்சிபியாக இறக்கி ஏற்றி ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டார். ஆறரைக்கு சார் வீட்டில் மாடிப்படி விளக்கைப் போடுகிறார்கள். அந்த விளக்குக்கு நியூட்ரல் சாரின் மீட்டரிலிருந்து வருகிறது, ஃபேஸ் எங்கள் போர்டிலிருந்து. எங்கள் பக்கமிருந்து போன மின்சாரம் எங்கள் பக்கம் திரும்பாததால், கசிகிறது என்று நினைத்து ஆர்சிசிபி விழுகிறது. அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. 1996இலிருந்து இந்தப் போர்ஷனில் குடியிருந்த அத்தனை பேரும் சாரின் மாடிப்படிக்கு ஈபி பில் கட்டியிருக்கிறார்கள்.

சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார். தெரியாதுதான், நம்புகிறேன். முன்பு குடியிருந்தவர்களில் ஒருவர் பில் அதிகம் வருகிறது என்று சொன்னபோது, ஹீட்டரைக் குறைச்சுப் போடுங்க என்று இவர் சொன்னாராம். அதையும் அவரே சொல்லி அவரே தலையில் அடித்துக்கொண்டார். மாடிப்படி விளக்கின் ஃபேஸை அன்றே அவர் பக்கம் மாற்றினார்கள். அதன் பிறகு ஆர்சிசிபி ஒரே ஒரு முறைதான் விழுந்திருக்கிறது, கிரைண்டர் மோட்டாரில் தண்ணீர் போனபோது. அத்தை வெறுங்காலோடுதான் நின்றிருந்தார். டப்பென்ற சத்தம் கேட்டதோடு சரி.

மார்க் போட வேண்டுமென்றால் பத்துக்கு ஏழரை. குறைத்ததற்குக் காரணங்கள்: அந்த அட்டவணை. பகல் வெளிச்சத்தில் விளக்கு மங்கலாகத் தெரிவதால் கையைக் குவித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முள் 6 ஆம்பியர் அளவு என்பதால், 6-16 சேர்ந்த பாயின்ட்டில் போகும், ஏசிக்கென்று தனியாக வைத்த பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்டில் போகாது. முக்கியமாக ஐஎஸ்ஐ முத்திரை கிடையாது. அதனால் உடம்பு விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு, உலர்ந்த கையோடு, செருப்பு போட்டுக்கொண்டுதான் செருகுகிறேன். பழைய ஓனர் சொன்ன செருப்பு இப்போதுதான் உதவுகிறது.

இது காட்டுகிற ஒற்றை மஞ்சளை வைத்து நீங்களே பாக்ஸைக் கழற்றி வயரை மாற்றப் போகாதீர்கள், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். கேஸ் டியூப், சம்ப் மூடி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், பூட்டிய கிரில் சாவி எங்கே தொங்குகிறது, இதற்கெல்லாம் எந்த டெஸ்டரும் கிடையாது, கண்தான். ஆரஞ்சு நிற கேஸ் டியூபுக்கு ஆயுள் ஐந்து வருடம், அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அது நம் பொருள், நம் செலவு. ஓனரைக் கேட்க முடியாது. எங்கள் டியூப் பழவந்தாங்கலிலிருந்தே காலாவதியாகித்தான் வந்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு, அது பொருளின் தப்பில்லை. போன மாதம் சார் கீழே வந்து, "அந்த டெஸ்டரை ஒரு நாள் குடும்மா, மேல பாத்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனார். அன்று ராத்திரியே மாடியில் இங்குமங்கும் நடக்கிற சத்தம். காலையில் எலெக்ட்ரீஷியன் தம்பியின் வண்டி வாசலில் நின்றது. அவர் வீட்டு ஹீட்டர் பாயின்ட்டிலும் ஒரே மஞ்சள்தானாம். அப்புறம் அவருடைய தங்கை வீட்டுக்குக் கொண்டு போனார், அங்கிருந்து சம்பந்தி வீட்டுக்கு. மூன்று முறை கேட்டுவிட்டேன், இதோ தருகிறேன் என்கிறார். நேற்று ரிச்சி தெருவில் இன்னொன்று வாங்கினேன். விலை 350 ஆகியிருக்கிறது.